கொம்பு எங்கே, டீச்சரு?

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அத்தை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சப்பை. பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு போன். கட்டுச்சோற்றைப் பிரிப்பது போல மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் திண்ணையில் வைத்தார்.

"டீச்சரு, மறுபடியும் பள்ளிக்கூடம் வைக்கணும்."

அவருக்கு 74 வயது இருக்கும். எனக்கு 53. ஊர் முறையில் அவர் எனக்கு அத்தை. ஆனால் 1991-லிருந்து அவர் என்னை டீச்சரு என்றுதான் கூப்பிடுகிறார். அப்போது நான் டீச்சரே இல்லை. கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த 20 வயதுப் பெண். பின்னாளில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, எத்தனையோ பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார்கள். முதலில் கூப்பிட்டவர் இவர்தான்.

"என்னத்தை, என்ன படிக்கணும்?"

"இதுல எழுதி அனுப்புறாங்கள்ல, அது. என் கையால எழுதி என் மகளுக்கு அனுப்பணும்."

என் கையால என்ற சொல்லை நான் இதற்கு முன்னும் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். அதே சொல், அதே அழுத்தம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதற்கு முந்தின வருடம்தான் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டிலேயே முதலாவதாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வேகம் எங்களுக்கும் தொற்றியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகக் கலைக்குழு வந்து பறையடித்து நாடகம் போட்டது. எங்கள் ஊரில் நாடகம் முடிந்ததும், சொல்லிக்கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். சம்பளம் கிடையாது. சிலேட்டு, பலப்பம், பாடப்புத்தகம், விளக்கு மட்டும் கொடுத்தார்கள்.

அன்னவாசல் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ராத்திரி ஏழரைக்கு மாரியம்மன் கோயில் வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்காருவேன். பெண்கள் சமையலை முடித்து, ஆம்பளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எட்டரைக்குத்தான் வகுப்பு நிறையும். பாதிப் பேர் கல்குவாரிக்குப் போகிறவர்கள். பகல் முழுக்கச் சல்லி உடைத்த கை. அந்தக் கையில் பலப்பத்தைக் கொடுத்தால் உளியைப் பிடிப்பது போலத்தான் பிடிப்பார்கள். அத்தை பிடித்த பிடியில் முதல் வாரத்திலேயே பதினோரு பலப்பம் உடைந்தது. நான் எண்ணி வைத்திருந்தேன், ஏனென்றால் பெட்டியில் அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள்.

"அழுத்தாதீங்கத்தை. அதுவா எழுதும். நீங்க சும்மா கூடப் போங்க" என்பேன்.

எங்கள் மாவட்டத்து அறிவொளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சைக்கிளைத்தான் முதலில் சொல்வார்கள். அது சரிதான். பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை எழுத்தோடு சேர்ந்த பாடமாகவே வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பாவாடையையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பள்ளிப் பாடமாகக்கூட வந்துவிட்டது. நானும் அப்போதுதான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். ஆனால் அத்தை சைக்கிளைத் தொடவில்லை. அவருக்கு எழுத்து மட்டும் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். ஏன் அந்த அவசரம் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது திண்ணைக்கு வருகிறேன்.

போனை அவர் கையில் கொடுத்து, திரையில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க தொடுங்க" என்றேன். அழுத்தினார். முழங்கை வரை நரம்பு புடைக்க அழுத்தினார். திரையில் வேறு என்னவோ திறந்தது. அரை நொடிக்கு மேல் விரல் ஓரிடத்திலேயே நின்றால், போன் அதைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளாது, அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொண்டு வேறு வேலையைச் செய்யும். இளசுகளின் விரல் பட்டதும் எடுபட்டுவிடும். கல் உடைத்த விரல் அப்படி எடுபடாது. ஒரு காரியத்தைச் செய்தால் உறுதியாகச் செய்யவேண்டும் என்று பழகிய விரல் அது.

"அழுத்தாதீங்கத்தை. சும்மா தொடுங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. 33 வருடத்துக்கு முன்னால் இதே ஆளிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் ஞாபகம் வந்திருந்தது. "அப்ப பலப்பம் உடைஞ்சுச்சு. இது உடைஞ்சா எம் மகன் என்னைய உடைச்சுப்புடுவான்" என்றார்.

அழுத்தம் குறைந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. மெதுவாகத் தொட்டால் சில நேரம் திரை கண்டுகொள்ளவே இல்லை. இந்தத் திரைகள் விரலின் பாரத்தைப் பார்ப்பதில்லை, விரல் நுனி பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் உணர்கின்றன. தோலில் கொஞ்சம் ஈரப்பசை இருந்தால் நன்றாக வேலை செய்யும். காய்ப்பு ஏறி உலர்ந்துபோன நுனி என்றால் தடுமாறும். இது தெரியாமல், பெரியவர்களுக்குப் புத்தி எட்டவில்லை என்று வீட்டுப் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். "எத்தனை தடவ சொல்றது" என்று போனைப் பிடுங்கித் தாங்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அத்தையின் பக்கத்தில் வைத்தேன். விரலை அதில் ஒற்றிவிட்டுத் தொடச் சொன்னேன். போனின் அமைப்புக்குள் போய், அழுத்திப் பிடிப்பதற்கான நேரத்தைக் கூட்டி வைத்தேன். எழுத்தின் அளவையும் பெரிதாக்கினேன். இந்த மூன்றையும் செய்து கொடுத்திருந்தால் அவர் பேரனே கற்றுக்கொடுத்திருக்கலாம். அரைமணி நேர வேலை அது.

எழுதும் பலகை அடுத்தது. போனில் தமிழுக்குப் பல பலகைகள் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்99 என்ற விசைப்பலகை முடிவானது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என்று 31 எழுத்தை வைத்தே 247-ஐயும் எழுதிவிடலாம். 2005-ல் முத்து நெடுமாறனின் செல்லினம் வந்து, கைப்பேசியிலும் தமிழில் எழுதலாம் என்று காட்டியது. பழகியவர்களுக்கு இவையெல்லாம் வேகமானவை. அத்தைக்கு நான் தேர்ந்தெடுத்தது அகரவரிசையில் எழுத்துகள் நிற்கும் பலகை. ஒரு மெய்யைத் தொட்டால் பக்கத்திலுள்ள உயிரெழுத்துகள் எல்லாம் அந்த மெய்யின் வரிசையாக மாறும். க-வைத் தொட்டால் கா, கி, கீ, கு, கூ. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம அட்டை!"

ஆமாம். கோயில் தூணில் நான் ஆணியடித்து மாட்டிய வரிசை அட்டைதான் அது, கைக்குள் வந்திருக்கிறது.

மகள் என்று எழுதினார். வந்தது. வீடு என்று எழுதினார். வந்தது. 'கேட்டேன்' என்று எழுதச் சொன்னேன். விரல் பலகை முழுக்க அலைந்தது.

"கொம்பு எங்கே, டீச்சரு?"

நானும் ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். சிலேட்டில் 'கே' எழுதும்போது முதலில் கொம்பைச் சுழிக்கிறோம், பிறகுதான் ககரம் எழுதுகிறோம். கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நான்தான் பழக்கினேன். போனிலோ ககரம் முதலில், கொம்பு பின்னால். காதில் விழுகிற வரிசை அது. க் என்ற மெய், அதன் மேல் ஏ என்ற உயிர். இலக்கணப்படி போன்தான் சரி. ஆனால் கண் பார்ப்பதும் கை எழுதுவதும் வேறு. தமிழில் எழுதிப் பழகிய எந்தப் பெரியவரும் இந்த இடத்தில் நிற்பார். இதைத் தனியாக எடுத்துச் சொல்லாமல் தாண்டிப் போனால், கே, தெ, போ எல்லாமே அவர்களுக்குப் பூட்டிய கதவுதான்.

"கொம்பு பின்னால வரும். எழுத்த முதல்ல உக்கார வைங்க. அப்புறம் கொம்ப வச்சா, அதுவா முன்னால போய் நின்னுக்கும்."

அவர் ககரத்தைத் தொட்டு, ஏகாரத்தைத் தொட்டார். கொம்பு முன்னால் போய் நின்றது. மறுபடி அழித்து மறுபடி செய்தார். ஏழெட்டுத் தடவை. திருவிழாவில் ராட்டினம் பார்க்கிற பிள்ளை போல.

நாலு வாரத்தில் திண்ணை நிறைந்தது. பழைய வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு அக்காமார் வந்தார்கள். ஒருவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வந்தார், அன்று மகனைத் தூக்கிக்கொண்டு வந்தது போல. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவரும் வந்தார். தமிழ் ஹையர் முடித்தவர். அவருடைய அவஸ்தை வேறு விதம். தட்டச்சுப் பொறியில் தாளில் விழும் வரிசைப்படிதான் அடிக்கவேண்டும், கொம்பை முதலில் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்டவேண்டும். 34 வருடம் அப்படி அடித்த விரல்கள். மனம் ஒப்புக்கொண்டாலும் விரல் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எழுதிய காகிதங்களில் இன்னொன்றையும் பார்த்தேன். லை, னை என்ற எழுத்துகளை இன்றும் யானைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டு அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டது. அலுவலகத்துக்காக அவர் மாறிக்கொண்டார், சொந்தக் கடிதத்தில் மாறவில்லை. "எங்கப்பா சொல்லிக்கொடுத்த எழுத்தும்மா" என்றார். அந்த எழுத்து போனில் கிடையாது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புள்ளியைப் பற்றி நான் ஒரு முடிவு எடுத்தேன். புள்ளிக்கு இன்னொரு முறை தொடவேண்டும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு தொடலும் ஒரு படி ஏறுவது போல. "நான வநதுடடேன" என்று ஓர் அக்கா எழுதிக் காட்டினார், வெட்கத்தோடு. எனக்குப் புரிந்தது. அவர் மகனுக்கும் புரியும். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று. படிக்கிறவர்கள் தாங்களே புள்ளி வைத்துப் படித்துக்கொண்டார்கள். உ.வே.சா. போன்றவர்கள் அப்படிப்பட்ட ஏடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நமக்குப் பாடம் கண்டு கொடுத்தார்கள். அம்மாவின் ஒரு வரியில் பிள்ளைகள் புள்ளி வைத்துப் படிக்கக்கூடாதா? "முதல்ல அனுப்புங்க, புள்ளி அப்புறம் வரட்டும்" என்றேன். பள்ளியில் 25 வருடமாகச் சிவப்பு மையால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள்தான் இதைச் சொல்கிறேன்.

சொல்லிக்கொடுக்கும்போது நெஞ்சை அறுத்தது வேறு.

அறிவொளியின்போது எங்களுக்கு ஒரே ஒரு எதிரிதான், கைநாட்டு. மை டப்பாவைக் கண்டாலே எங்களுக்குக் கோபம் வரும். கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கிற மனுவில் பெண்கள் தங்கள் கையெழுத்தைப் போட்ட அன்று நாங்கள் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்ட காலம் அது. கணக்கில் யார் கையெழுத்துப் போடுவது என்பது பெரிய விஷயம். அத்தை தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்ட அன்று அதைச் சிலேட்டிலிருந்து அழிக்கவிடவில்லை. சிலேட்டோடு வீட்டுக்குப் போனார்.

2020-ல் ரேஷன் கடையில் விரல்ரேகை இயந்திரம் வந்தது. இப்போது அத்தை அரிசி வாங்கப் போனால் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. கட்டைவிரலை வை என்கிறார்கள். வைத்தால் ரேகை விழுவதில்லை. கல் அதைத் தேய்த்துவிட்டது. துடைத்து வைக்கச் சொல்கிறார்கள், தேய்த்து வைக்கச் சொல்கிறார்கள், வேறு விரலை வைக்கச் சொல்கிறார்கள். சில மாதம் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் விரலை வைக்கவேண்டியிருக்கிறது. "என் பேரை எழுதிக் காட்டுறேன்னு சொன்னேன் டீச்சரு. அந்தப் பிள்ளை சிரிக்குது" என்றார். கடைக்காரப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு இயந்திரம் சொன்னால்தான் அரிசி அளக்க முடியும். ஆனாலும் நாங்கள் ராத்திரி ராத்திரியாக விளக்கு வைத்து ஒழித்த கைநாட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் போடமுடியாத விரலோடு அவர் வரிசையில் நிற்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

நூறு நாள் வேலைச் சம்பளம் வங்கிக்கு வந்தபோதெல்லாம் போனில் செய்தி வந்தது. ஆங்கிலத்தில். தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கூட்டிப் படிக்க ஒரு வருடம் பாடுபட்டவருக்கு, அவருடைய கூலியைப் பற்றி அவருக்கே தெரியாத மொழியில் தகவல் வந்தது. இலக்கத்தை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும், எவ்வளவு தன்மையாகப் பேசினாலும் சொல்லக்கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் முதல் பாடமாக வைத்தேன். மோசம் போய்விட்டோம் என்று தெரிந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடவேண்டும் என்பதைப் போன் உறையின் பின்னால் எழுதி ஒட்டினேன்.

பேத்தியின் செய்திதான் எல்லாவற்றிலும் கொடுமை. சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளை, பாசமானவள். வாரம் ரெண்டு தடவை அப்பத்தாவுக்கு எழுதுவாள். அப்பத்தா சாப்டியா, மாத்திரை போட்டியா. தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். பழைய பட்டன் போன்களில் தமிழில் அனுப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். வழி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அத்தை அந்தச் செய்தியை என்னிடம் காட்டி, "இது இங்கிலீசா டீச்சரு?" என்றார். நான் படித்துச் சொன்னேன். "நம்ம பேச்சுத்தானா!" என்று ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பேத்தி தன்னிடம் தன் மொழியில் பேசியிருக்கிறாள், அதைத் தான் இத்தனை நாள் இங்கிலீசு என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தோம் என்ற நினைப்பு அது.

அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு நான் போன் போட்டேன். திட்டவில்லை. "உங்க அப்பத்தா தமிழ் படிச்சவங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அடுத்த செய்தி தமிழில் வந்தது. பிழைகளோடு. பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பிள்ளை. அப்பத்தா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்து முடித்துவிட்டு, "ழகரம் எல்லாம் தப்பா இருக்கு, இவளையும் இங்க வரச்சொல்லு" என்றார்.

குரல்பதிவு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் பேரனும் அதைத்தான் சொன்னானாம். பொத்தானைப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும், எழுத்துக் கூட்டுகிற பாடெல்லாம் எதற்கு என்று. எழுத்தே அறியாதவர்களுக்கு அது பெரிய வரம், நான் மறுக்கவில்லை. கண் தெரியாதவர்களுக்கும், கை நடுங்குகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அத்தையிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"பேசினா வீடே கேக்கும்ல" என்றார்.

இரண்டு அறை வீடு. மகன், மருமகள், பேரன், எந்நேரமும் ஓடுகிற டிவி. அவர் பேசுவதும் வீட்டுக்குக் கேட்கும், மகள் பேசி அனுப்புவதும் வீட்டுக்குக் கேட்கும். காது மந்தம் வேறு, சத்தத்தைக் கூட்டித்தான் வைக்கவேண்டும். தெருவுக்கே கேட்கும்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. 1991-ன் அவசரத்துக்குத் திரும்புகிறேன்.

அவர் மகளை அப்போது திருப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அஞ்சாவது வரை படித்த பெண். மாதம் ஒரு இன்லண்டு எழுதும். அதை மளிகைக்கடை அண்ணாச்சிதான் படித்துச் சொல்வார். எண்ணெய் வாங்க வந்தவர்கள், வெற்றிலை வாங்க வந்தவர்கள் எல்லோரும் நின்று கேட்பார்கள். மகளுக்கும் அது தெரியும். "எம் மக எழுதுற காயிதத்துல எல்லாரும் நல்லாருக்காக டீச்சரு. ஆடு கோழி வரைக்கும் நல்லாருக்கு. அவ எப்புடி இருக்கான்னு மட்டும் இருக்காது" என்றார் அத்தை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு ராத்திரி. அவருக்கு எழுத்து வேண்டியிருந்தது அதற்காகத்தான். இடையில் அண்ணாச்சி இருக்கக்கூடாது.

ஏழெட்டு மாதம் கழித்து அவரே ஒரு இன்லண்டு எழுதினார். எழுதிக்கொண்டே வகுப்புக்கு வந்து, 'ஞ' எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்டார். நான் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். எங்கள் வகுப்பில் ஒருவர் எழுதிய முதல் கடிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்து, எல்லோரும் கேளுங்கள் என்று சத்தமாகப் படித்தேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது குரல் நின்றது. அந்த வரியை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தாய் மகளிடம் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி அது. சுற்றிலும் பதினெட்டுப் பெண்கள். அதில் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவுக்காரர்களும் இருந்தார்கள். அத்தை எழுந்து வந்து தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறு ஒரு இன்லண்டு வாங்கி எழுதினார். அதை அவரே என்னிடம் நீட்டினார், திருத்தச் சொல்லி. அதில் எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

மகள் அங்கே பட்டது எல்லாம் நாலு வருடம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்த முதல் கடிதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யோசிக்காமல் இருந்த வருடமும் இல்லை. பிறகு அந்தப் பெண் பிள்ளைகளோடு தனியாக நின்று, பனியன் கம்பெனியில் உழைத்து, மகளைப் படிக்க வைத்து ஆளாக்கிவிட்டது. இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறது. அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொள்கிறார்கள், வீட்டுக்குக் கேட்கிற பேச்சு.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை வருகிற மாதிரி இருந்ததால் வேறு யாரும் வரவில்லை. அத்தை மட்டும் வந்தார். ஈரத்துணியைத் தானே எடுத்து நனைத்துப் பிழிந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு நானா அனுப்புறேன்" என்றார். சரி என்றேன்.

திண்ணைத் தூணில் சாய்ந்து, காலை நீட்டி, போனை மடியில் வைத்தார். இடது கையை வளைத்துத் திரைக்கு மேலே குடை பிடிப்பது போல வைத்துக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் மறைக்கிற பிள்ளையைப் போல. நான் எழுந்து போய் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். துணியில் விரலை ஒற்றுகிற சத்தம் மட்டும் இடையிடையே கேட்டது. பிழை இருக்குமா, புள்ளி வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். தோன்றியது. திரும்பவில்லை.

"டீச்சரு."

"சொல்லுங்கத்தை."

"ழ எங்க இருக்கு?"

முருங்கையைப் பார்த்தபடியே சொன்னேன். "ய, ர-ன்னு சொல்லிக்கிட்டே வாங்கத்தை. வ-வுக்கு அடுத்தது."

பின்னால் அவர் குரல், கோயில் வாசலில் கேட்ட அதே ராகத்தில், மெதுவாக வந்தது. "ய… ர… ல… வ…"

பிறகு சத்தமில்லை. விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது.